வாசகர் கேள்வி: பூச்சிமருந்து பட்டவரைத் தொடும் முன்

கேள்வி: அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து மேலெல்லாம் கொட்டிய ஒருவரைக் கவனித்த பிறகு எனக்குத் தலைவலி, குமட்டல். இரண்டு முகக்கவசம் போட்டும் ஏன் இப்படி? குளிப்பாட்டிவிட்டுத்தான் சிகிச்சையா?

பதில்: அறுவை முகக்கவசம் எத்தனை போட்டாலும் ஆவி நிற்காது. என்95 துகளைத்தான் பிடிக்கும்; ஆவிக்குக் கரிவடிகட்டி உள்ள சுவாசக்கவசம் வேண்டும். ஆனால் உங்கள் தலைவலிக்குப் பெரும்பாலும் காரணம் மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் சைலீன் போன்ற கரைப்பான்தான். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முறைபோட்டு நில்லுங்கள். கண்பாவை சுருங்கினாலோ எச்சிலும் வியர்வையும் பெருகினாலோ அது நஞ்சேதான், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் கையைப் பாருங்கள். லேட்டக்ஸ் உறையை இந்த மருந்து ஊடுருவிவிடும். நைட்ரைல் உறை இரண்டு அடுக்கு, நீர்புகாத அங்கி, கண்ணாடி. மேலுறை நனைந்ததும் மாற்றுங்கள்.

அடுத்தது நோயாளியின் உடை. அதைக் களைந்தாலே, தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே நஞ்சின் பெரும்பகுதி அதோடு போய்விடும். தலைவழியாக இழுத்தால் முகத்தில் அப்பும். கத்தரித்து எடுத்து, இரண்டு பைகளில் கட்டி வெளியே வையுங்கள். 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் இதே ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்த சாரின் நஞ்சு பரவியபோது, உடை களையாமல் சேர்த்த நோயாளிகளிடமிருந்து மருத்துவமனை ஊழியர்கள் பலருக்கும் கண்வலியும் பார்வை மங்கலும் வந்தன. பெல்ட், செருப்பு, கடிகாரப் பட்டை தோலால் ஆனவை என்றால் கழுவினாலும் மருந்து போகாது. திரும்ப அணியக் கொடுக்காதீர்கள்.

பிறகு சோப்பும் வெதுவெதுப்பான நீரும். சுடுநீர் ரத்தக் குழாயை விரித்து நஞ்சை உள்ளே இழுக்கும். அழுத்தித் தேய்த்தால் தோல் உரிந்து வழிவிடும். தலைமுடி, காதுமடலின் பின்புறம், நகக்கண், அக்குள், தொடையிடுக்கு ஆகியவைதான் வழக்கமாக விட்டுப்போகின்றன. கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடமாவது சலைன் விட்டுக் கழுவுங்கள்.

மூச்சுத் திணறுகிறவருக்குக் குளியல் காத்திருக்கட்டும். கவச உடையோடு ஒருவர் சளியை உறிஞ்சி எடுத்து ஆக்ஸிஜன், நஞ்சுமுறி மருந்தான அட்ரோபின் கொடுக்க, இன்னொருவர் உடையைக் கத்தரிக்கலாம். வாந்தியை மூடியுள்ள வாளியில் பிடியுங்கள்.

கேள்வி: தூள் நஞ்சாக இருந்தால்?

பதில்: முதலில் உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். சுட்ட சுண்ணாம்பு ஈரம் பட்டால் கொதிக்கும். அதை முழுக்கத் தட்டிய பிறகே நிறையத் தண்ணீர் விடவேண்டும். தானியத்தில் பூச்சி வராமல் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு ஈரத்தில் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவைக் கக்கும். அதை விழுங்கியவரின் வாந்தியிலிருந்தும் அந்த வாயு வரும். காற்றோட்டமில்லாத அறையில் அவரை வைக்காதீர்கள்.