அம்மா சொல்லும் தீவும் சிநேகிதி சொல்லும் தீவும்

கேள்வி: நான் மாங்குளம். வயது 26. ஆசிரியர் நியமனம் தீவக வலயத்துக்குக் கிடைத்திருக்கிறது. நயினாதீவிலும் நெடுந்தீவிலும் வெற்றிடம் இருக்கிறதாம், எது விருப்பம் என்று கேட்கிறார்கள். அம்மா நயினாதீவு என்று ஒற்றைக் காலில் நிற்கிறா. பக்கத்தில் இருக்கிறது, அம்மாளாச்சி இருக்கிறா, தினமும் போய் வரலாம், நெடுந்தீவுக்குப் போனால் கலியாணம் பேசவும் ஏலாது என்கிறா. என் சிநேகிதி ஒருத்தி நெடுந்தீவுக்குச் சுற்றுலா போய் வந்து, குதிரை, கோட்டை, கடல், அந்த மாதிரி இடம், கண்ணை மூடிக்கொண்டு எடு என்கிறாள். எனக்குப் பொழுது போகாவிட்டால் விசர் பிடித்துவிடும், அதுதான் பெரிய பயம். நான் எதை எழுதிக் கொடுக்க?

பதில்: தங்கச்சி, முதலில் அம்மாவின் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் அது பிழை.

நயினாதீவுக்குப் படகில் இருபது நிமிடம்தான், அது சரி. ஆனால் படகு ஏறுகிற குறிகட்டுவான் என்ன மாங்குளச் சந்தியிலா இருக்கிறது? மாங்குளத்திலிருந்து யாழ்ப்பாணம் 90 கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை கடந்து, வாணர் தாம்போதியால் புங்குடுதீவுக்குள் இறங்கி அதன் மறு கரைக்குப் போக இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பஸ் வழியில் கைகாட்டுகிற எல்லாரையும் ஏற்றி இறக்கிக்கொண்டுதான் போகும். ஆகவே தினமும் போய் வருவது என்றால் மாங்குளத்திலிருந்து அல்ல, யாழ்ப்பாணத்தில் ஓர் அறை எடுத்து அங்கிருந்து. விடிய எழும்பி முதல் பஸ், பிறகு படகு, ஏழரைக்குப் பள்ளிக்கூடம், ஒன்றரைக்கு மணி அடிக்கப் படகுக்கு ஓட்டம், பிறகு பஸ்ஸில் தூங்கி வழிந்து பின்னேரம் அறைக்கு வந்து, உடுப்புத் தோய்த்து, பாடக்குறிப்பு எழுதிப் படுக்கை. அம்மாவோடும் இல்லை, தீவிலும் இல்லை, வாழ்க்கையில் பாதி சீட்டில். இதைத்தான் 'பக்கத்தில்' என்று அம்மா சொல்கிறா.

சிநேகிதியின் கணக்கும் சரியில்லை. அவர் போனது சுற்றுலா. காலைப் படகில் இறங்கி, ஓர் ஓட்டோவோ பிக்கப்போ பிடித்து, கொளுத்துகிற வெயிலில் குதிரை, பெருக்க மரம், கோட்டை, புறாக்கூடு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து, படம் எடுத்து, பின்னேரப் படகுக்கு இறங்குதுறைக்கு ஓடி வந்திருப்பார். அதெல்லாம் நெடுந்தீவு இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஐந்தாறு இடத்தையும் நீங்கள் முதல் மாதத்திலேயே பார்த்து முடித்துவிடுவீர்கள். பிறகு இரண்டு வருடமோ மூன்று வருடமோ இருக்கிறதே, அதற்குத்தான் பதில் வேண்டும்.

இரண்டு தீவுக்கும் ஒரே துறையிலிருந்துதான் படகு. ஆனால் இரண்டும் ஒரே வாழ்க்கை இல்லை.

நயினாதீவு சின்னது. நாலு சதுரக் கிலோமீட்டர் சொச்சம், சைக்கிள் இருந்தால் ஒரு பின்னேரத்தில் சுற்றி வந்துவிடலாம். அங்கே பகல் முழுக்க வருகிற சனத்தின் ராச்சியம். நாகபூசணி அம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் ஒரு பக்கம், தெற்கிலிருந்து நாகவிகாரைக்குப் பஸ் பஸ்ஸாக வருகிறவர்கள் இன்னொரு பக்கம், சனி ஞாயிறும் போயாவும் என்றால் துறையில் வரிசை. ஆனித் திருவிழாக் காலத்தில் கேட்கவே வேண்டாம், நம் வன்னிப் பக்கமிருந்தே எத்தனை குடும்பம் போகிறது, உங்கள் வீட்டிலும் போயிருப்பீர்கள். மதியத்தில் அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் பந்தி பந்தியாக இருத்திச் சாப்பாடு போடுவார்கள். சமைக்கப் பஞ்சி பிடித்த நாளில் ஒரு ரீச்சருக்கு அது பெரிய உதவிதான், சும்மா சொல்லக்கூடாது. இந்தச் சன நடமாட்டத்தால் கடையும் சாமானும் படகும் தாராளம், ஒரு படகு போனால் அடுத்தது வரும்.

ஆனால் அந்தத் தீவு உண்மையில் வடிவாக இருப்பது கடைசிப் படகு போன பிறகு. கச்சான் கடைக்காரர் தட்டியை இறக்குவார், கோயில் வீதியில் ஊர்ப் பிள்ளைகள் சைக்கிள் ஓடுவார்கள், மாலைப் பூசைக்குப் பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள், அம்மாளாச்சியோடு ஆறுதலாகக் கதைக்கலாம். தினமும் போய் வருகிற ரீச்சருக்கு இது ஒன்றும் கிடைக்காது. அவர் அந்த நேரம் மண்டைதீவுச் சந்தியில் பஸ் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டிருப்பார்.

நெடுந்தீவு வேறு கதை. கிட்டத்தட்ட 50 சதுரக் கிலோமீட்டர், நயினாதீவைப் போலப் பத்து மடங்குக்கு மேல். குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலம் கடல், நாளைக்குச் சில ஓட்டம்தான். சோளகம் அடிக்கிற மாதங்களில் படகு ஆடுகிற ஆட்டத்தில் வயிறு வாய்க்கு வரும். மேல்தட்டில் இடம் கிடைக்காமல் கீழே இறங்கி இருந்தால் டீசல் மணமும் சேர்ந்துகொள்ளும். ஐப்பசி கார்த்திகையில் கடல் கோபித்தால் படகே ஓடாது, அன்று நீங்கள் தீவில், அம்மா மாங்குளத்தில், நடுவில் போன் மட்டும். அங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது படகுதான். 'படகு வந்திட்டுதோ' என்று கேட்காமல் அங்கே ஒரு நாளும் விடியாது.

அந்தப் படகோடு ஒரு துக்கமும் இருக்கிறது, நீங்கள் அங்கே போகப் போகிறவர் என்றால் தெரிந்திருக்க வேண்டும். 1985 மே 15 குமுதினிப் படகில் போன சனத்தை நடுக்கடலில் வெட்டிக் கொன்றார்கள், குழந்தையும் தப்பவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் தீவு நினைவுகூரும். மே மாதம் என்றால் என்ன என்று வன்னிப் பிள்ளைக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. அந்தக் கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை பேசாமல் இருந்தால் ஏன் என்று அதட்டாமல் விட உங்களுக்குத் தெரியும்.

சரி, பொழுதுபோக்குக்கு வருவோம், அதைத்தானே கேட்டீர்கள். நெடுந்தீவில் தங்காமல் வேலை செய்ய முடியாது என்பதுதான் அம்மாவின் குறை. நான் அதையே இலாபம் என்கிறேன். ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டால் இரண்டு மணிக்கு நீங்கள் ஆசிரியர் விடுதியில். சாப்பிட்டு ஒரு கண் தூங்கி எழும்பினாலும் நாலு மணி, இருட்ட இன்னும் இரண்டரை மணித்தியாலம் கையில் இருக்கிறது. யாழ்ப்பாண அறையில் இருந்து போய் வந்தால் அந்த நேரம் உங்களுக்கு ஒரு நாளும் கிடைக்காது.

அந்த நேரத்தில் என்ன செய்வது? சைக்கிள் ஒன்று கொண்டு போங்கள், அது முதல் வேலை. பழைய கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பின்னால்தான் இருக்கிறது. பவளக்கல்லில் கட்டியது, இடிந்தும் இடியாமலும் நிற்கிறது, பின்னேர வெயில் படுகிற நேரம் போய்ப் பாருங்கள். தீவு முழுக்க வீட்டு வேலியே கல்தான். சீமெந்தும் இல்லை, சாந்தும் இல்லை, கடற்கல்லைக் கல்லின் மேல் கல்லாக அடுக்கி இடுப்பளவுக்கு நிறுத்தியிருப்பார்கள், இடுக்கால் காற்றும் வெளிச்சமும் வரும், ஓணானும் வரும். நமக்குக் கிடுகு வேலியும் முள்ளுக்கம்பியும் பார்த்துப் பழகிய கண், ஆகவே கொஞ்ச நாளைக்கு அதிசயமாக இருக்கும். ஒரு கல் விழுந்தால் வீட்டுக்காரர் வந்து எந்தக் கல் எந்த இடுக்கில் இருக்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்து வைப்பார், அதை நின்று பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. பெருக்க மரம் நீங்கள் மன்னார் பள்ளிமுனையில் பார்த்திருக்கக்கூடும், நெடுந்தீவு மரத்தில் உள்ளே புகுந்து நிற்கிற அளவுக்குப் பொந்து இருக்கிறது.

குதிரை பற்றிச் சிநேகிதி சொன்னது உண்மைதான், ஆனால் அது குதிரையேற்றம் இல்லை, தங்கச்சி. ஒல்லாந்தர் காலத்தில் வளர்த்த குதிரைகளின் பரம்பரை, இப்போது கட்டாக்காலியாகத் திரிகின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். கிட்டப் போய்த் தடவப் பார்க்காதீர்கள். கோடையில் தண்ணீர் இல்லாமல் அவை படுகிற பாட்டைப் பார்த்தால் படம் எடுக்கவும் மனம் வராது.

தண்ணீர் என்றதும் சொல்ல வேண்டியது. இரண்டு தீவிலும் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் சவர். நல்ல தண்ணீரை அளவாகத்தான் செலவழிக்க வேண்டும். இரணைமடுத் தண்ணீரும் வாய்க்கால் குளிப்பும் கண்ட உங்களுக்கு முதல் மாதம் தலைமயிர் பிசுபிசுக்கும், கோபம் வரும். குடத்தோடு வரிசையில் நிற்பது நமக்குப் புதிதில்லை, அந்தப் பழக்கம் கை கொடுக்கும். நிழலும் குறைவு. பனை இருக்கிறது, மற்றப்படி வெளி. காட்டோரம் வளர்ந்த ஆளுக்கு அந்த வெட்டை வெளி முதலில் ஒரு மாதிரித்தான் இருக்கும்.

சாப்பாட்டில் குறை வராது. மீன், நண்டு, ஆட்டுப்பால், மாட்டுப்பால் என்று அந்தத் தீவு கால்நடைக்குப் பேர் போனது. நாலு ரீச்சர்மார் விடுதியில் சேர்ந்து ஒரு சனிக்கிழமை ஒடியற்கூழ் காய்ச்சினால் அன்று பொழுது போவதே தெரியாது. தவக்காலத்தில் கச்சதீவு அந்தோனியார் திருவிழா வரும். கச்சதீவு நெடுந்தீவுப் பிரதேச செயலகத்துக்குள்தான் வருகிறது, ஆயத்தமெல்லாம் உங்கள் கண் முன்னால் நடக்கும். இராமேஸ்வரம் பக்கத்துச் சனமும் நம் சனமும் ஒரு மணலில் இருந்து சாப்பிடுகிற அந்த இரண்டு நாளைத் தவறவிடாதீர்கள், நீங்கள் எந்தச் சமயமாக இருந்தாலும் சரி.

கடல் குளிப்பு? நேரே சொல்கிறேன். சின்ன ஊர், இளம் ரீச்சர், எல்லாக் கண்ணும் உங்கள் மேல்தான் இருக்கும், இது நயினாதீவிலும் அப்படித்தான். தனியே போகாதீர்கள், விடுதி ஆட்களோடு போங்கள். கரை பல இடத்தில் கல், எங்கே மணல், எங்கே இழுவை என்று ஊர்ப் பெண்களிடம் கேட்டுப் போங்கள்.

மின்சாரத்தில் இரண்டும் ஒன்றுதான், கரையிலிருந்து கம்பி வராமல் டீசல் மின்பிறப்பாக்கியில் காலம் ஓட்டிய தீவுகள். இந்திய உதவியில் சூரிய ஒளியும் காற்றும் சேர்த்து மின்சாரம் எடுக்க இந்த இரண்டுக்கும் அனலைதீவுக்கும் சேர்த்தே ஒப்பந்தம் போட்டார்கள். அதை வைத்து எதையும் தெரிவு செய்யத் தேவையில்லை.

இனி வீட்டுக்கு வருகிற கணக்கு. வெள்ளி பின்னேரம் எந்தத் தீவிலிருந்து வெளிக்கிட்டாலும் மாங்குளம் வர இரவுதான். ஞாயிறு எந்தத் தீவுக்கென்றாலும் மத்தியானத்தோடு வெளிக்கிட வேண்டியதுதான், நயினாதீவு என்றால் அன்றிரவு யாழ்ப்பாணத்தில் தங்கலாம், நெடுந்தீவு என்றால் கடைசிப் படகைப் பிடித்தே ஆக வேண்டும். வித்தியாசம் சில மணித்தியாலம், அவ்வளவுதான். இந்தச் சில மணித்தியாலத்துக்காகவா கிழமையில் ஐந்து நாளையும் பஸ்ஸில் கரைக்கப் போகிறீர்கள்? நெடுந்தீவில் எல்லாக் கிழமையும் வராமல் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வந்தால் காசும் மிஞ்சும், உடம்பும் மிஞ்சும். நடுக் கிழமை ஒரு சனிக்கிழமையை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே என் பேச்சு நெடுந்தீவு. ஆனால் இரண்டு நிபந்தனை. உங்களுக்கோ அம்மாவுக்கோ அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போகிற வருத்தம் எதுவும் இருந்தால் வேண்டாம், நயினாதீவை எழுதுங்கள். நெடுந்தீவில் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆனால் கடுமை என்றால் கடல் தாண்டித்தான் யாழ்ப்பாணம், அதுவும் கடல் விட்டால். அடுத்தது, விடுதியில் இடம் நிச்சயம் என்று அதிபரிடம் கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். விடுதி இல்லாவிட்டால் நான் மேலே சொன்ன பின்னேரம் ஒன்றும் இல்லை. நயினாதீவில் உங்களுக்குத் தங்க இடம் கிடைக்குமென்றால், நெடுந்தீவில் கிடைக்காதென்றால், யோசிக்காமல் நயினாதீவு.

கலியாணம் பற்றி அம்மா பயப்படுகிறா. நெடுந்தீவில் ஒரு மகளைப் படிப்பிக்க விட்ட காரணத்துக்காகப் பின்வாங்குகிற மாப்பிள்ளை வீட்டை முதலே தெரிந்துகொண்டது நல்லதுதான் என்று அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அதுக்கும் அடங்காவிட்டால் பள்ளி விடுமுறையில் அம்மாவையே ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் இரண்டு தீவையும் காட்டுங்கள். காலையில் நயினாதீவு, அம்மாளாச்சி கும்பிட்டு அன்னதானம், பிறகு குறிகட்டுவானுக்கு வந்து நெடுந்தீவுப் படகு, இரவு தெரிந்த ரீச்சர் யாருடைய வீட்டிலாவது தங்கல். அம்மா அங்கே ஓர் இரவு படுத்து எழும்பினால் பாதிப் பிரச்சினை தீரும், அல்லது அம்மாவே உங்களைவிடப் பிடிவாதமாக வேண்டாம் என்பா, அப்போது குறைந்தது காரணம் தெரிந்து சொல்லுவா.

போக முதல் வலயத்தில் ஒன்றைக் கேளுங்கள்: இது கஷ்டப் பிரதேசச் சேவையாகக் கணக்கிடப்படுமா, எத்தனை வருடத்தில் இடமாற்றம் கேட்கலாம். வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் வாங்கி, ஒரு பிரதியை அம்மாவின் அலுமாரியில் வையுங்கள்.