டென்ஷனால் உடம்பு போடுமா?

கேள்வி: எனக்கு வயது 42. வங்கியில் வேலை. அப்பா பக்கவாதம் வந்து படுத்து இரண்டு வருடம் ஆகிறது. அம்மாவும் நானும்தான் பார்த்துக்கொள்கிறோம். இதற்குள் 61 கிலோவிலிருந்து 70 கிலோ ஆகிவிட்டேன். ஆனால் முன்பைவிட அதிகமாகச் சாப்பிடுவதில்லை. மதியச் சாப்பாடே பல நாள் கிடையாது. தைராய்டு நார்மல். எல்லாம் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் வேலை என்று சொல்லி, அதைக் குறைக்க ஒரு பவுடர் வாங்கச் சொல்கிறார் தோழி. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் வாரத்துக்கு ஓரிரு இரவாவது அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வையுங்கள். உங்கள் எடைக்கு அதுதான் மருந்து.

தோழி சொல்வது முழுக்கத் தப்பு இல்லை. நெருக்கடியில் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசாலைக் கூடுதலாகச் சுரக்கும். அது நீடித்தால் இனிப்பு, எண்ணெய்ப் பண்டங்கள் மேல் நாட்டம் போகும்; கொழுப்பும் வயிற்றுப் பக்கம் சேரும். ஆனால் வெறும் கவலை மட்டுமே ஒன்பது கிலோவை ஏற்றிவிடாது. லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ‘வைட்ஹால் 2’ ஆய்வில், வேலை அழுத்தத்தில் இருந்த ஆண்களில் ஏற்கெனவே பருமனானவர்கள் மேலும் எடை கூடினார்கள். ஒல்லியானவர்கள் இன்னும் இளைத்தார்கள். ஒரே டென்ஷன் ஒருவரைச் சாப்பிட வைக்கும், இன்னொருவருக்குச் சோறே இறங்காது.

உங்கள் விஷயத்தில் நான் சந்தேகப்படுவது தூக்கத்தைத்தான். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்பீர்கள். அப்படித் துண்டு துண்டாகத் தூங்கினால், பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறையும். மதியம் பட்டினி, சாயங்காலம் இரண்டு டீ, பிஸ்கட், இரவு பதினொன்றுக்கு மிச்சமிருப்பதை வழித்துப் போட்டு ஒரு சாப்பாடு. இப்படித்தானே போகிறது? இதை யாருமே ‘சாப்பிட்டேன்’ என்று கணக்கு வைப்பதில்லை. ஒன்பது கிலோவை இரண்டு வருடத்துக்குப் பிரித்துப் பாருங்கள்: தோராயமாக ஒரு நாளைக்கு 100 கலோரி உபரி. சர்க்கரை போட்ட ஒரு பால் டீ ஏறக்குறைய அவ்வளவு வரும். வீட்டில் யாராவது “தின்று தின்று குண்டாகிவிட்டாய்” என்றால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

முதலில் இரவைச் சரிசெய்யுங்கள். அம்மாவோடு முறை போட்டு, உங்கள் முறை இல்லாத இரவில் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள். காற்று மெத்தை போட்டால் திருப்பும் இடைவெளியைக் கூட்டலாமா என்று அப்பாவின் மருத்துவரைக் கேளுங்கள். மதியம் தயிர்சாதமும் சுண்டலுமாவது கட்டாயம் வேண்டும். டீயில் சர்க்கரையை விடுங்கள். ஜிம்முக்கெல்லாம் உங்களுக்கு நேரம் இருக்காது, எனக்குத் தெரியும். பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை வேகமாக நடந்தால் போதும். தராசில் தினமும் ஏறாதீர்கள். மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவை எடுங்கள். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

மருந்துகளையும் சொல்ல வேண்டும். மூச்சிரைப்புக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா? மன அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகளும் எடையைக் கூட்டும், கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள். பெயர் தெரியாத மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததும் உண்டு. முகம் வட்டமாகி, கைகால் மெலிந்து, வயிற்றில் அகலமான ஊதா வரிகள் விழுந்தால், அல்லது லேசாக இடித்தாலே ரத்தம் கட்டினால், உடனே நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் போங்கள். அது உடம்பில் கார்ட்டிசால் அளவுமீறிப் போகும் அபூர்வமான கஷிங் நோயாக இருக்கலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லாமல், அழுகை அழுகையாக வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்திருப்பதால் உங்கள் ரத்த அழுத்தம், எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரை), கொழுப்பு அளவு மூன்றையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள்.