யாழ்ப்பாணத்துக் கிணறுகள்

கேள்வி: ஆறே இல்லாத யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் விவசாயம் எப்படி நடக்கிறது?

பதில்: கிணற்றை நம்பித்தான். வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. மழைக்காலத்தில் மட்டும் ஓடும். நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரம்கூட இல்லை. அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வடகிழக்குப் பருவமழை அதன் வெடிப்புகள் வழியே இறங்கி, கனமான உப்புநீரின் மேல் நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்கிறது. புத்தூர் அருகே உள்ள நிலாவரைக் கிணற்றில் இதை நேரிலேயே அறியலாம்: மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு.

என் தாத்தா துலா (கிணற்று ஏற்றம்) மிதித்து வெங்காயத்துக்கு நீர் இறைத்தவர். அந்த வேகத்தில் இறைத்தபோது கிணறு தன்னைத் தானே நிரப்பிக்கொண்டது. இயந்திரம் வந்தபின் அளவின்றி உறிஞ்சுகிறோம், உப்பு மேலேறுகிறது. உரத்தின் நைட்ரேட்டும் குடிநீரில் கலக்கிறது. இது எனக்குப் பெரிய கவலை.

வரலாற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1619இல் போர்த்துக்கீசர், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர் என அடுத்தடுத்துக் கைப்பற்றினார்கள். தெற்கே பெருநிலத்தில் உள்ள வன்னியில் பிடித்த யானைகளை ஆழமற்ற கடல்நீரேரி வழியே நடத்திக் கொண்டுவந்து விற்றார்கள். ஆனையிறவு என்ற பெயர் அப்படி வந்ததுதான். தீபகற்பத்தைப் பெருநிலத்தோடு இணைக்கும் ஒடுங்கிய வாசல் அது. அதனாலேயே பின்னாளில் உள்நாட்டுப் போரிலும் அங்கே கடும் சண்டைகள் நடந்தன.