11-ஆம் எண் எங்கே போனது?

கேள்வி: நம் அரசியலமைப்பின் முதல் பிரிவில் ‘கூட்டாட்சி’ என்ற சொல்லே இல்லை என்கிறார் என் நண்பர். பாடநூலோ கூட்டாட்சி என்கிறது. எதை நம்புவது?
– போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி, திண்டுக்கல்

பதில்: நண்பர் சொல்வது சரிதான். ஆனால் முதல் பிரிவோடு புத்தகத்தை மூடிவிட்டார் போலும். ‘இந்தியா, அதாவது பாரதம், மாநிலங்களின் ஒன்றியமாக இருக்கும்’ என்பதே அந்தப் பிரிவு. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவை முன்வைத்தபோது அம்பேத்கர் இதற்குக் காரணம் சொன்னார். மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு இந்தியாவை உண்டாக்கவில்லை. ஆகவே பிரிந்துபோகும் உரிமையும் அவற்றுக்கு இல்லை. இதைத் தெளிவுபடுத்தத்தான் ‘ஒன்றியம்’. இதே விஷயத்துக்காக அமெரிக்கர்கள் உள்நாட்டுப் போரே நடத்த நேர்ந்ததையும் நினைவூட்டினார். அமைப்பு கூட்டாட்சிதான் என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை.

பெயரைவிடப் பெரிய மாற்றம் அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. 1946 டிசம்பர் 13-இல் நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானம், யாருக்கென்றும் தனியே ஒதுக்காமல் எஞ்சிய அதிகாரங்கள் உறுப்புப் பகுதிகளுக்கே என்றது. 1947 ஜூன் 3-இல் பிரிவினைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே, அதே நேரு தலைமையிலான ஒன்றிய அதிகாரங்கள் குழு வலுவான மைய அரசு வேண்டும் என்று எழுதியது. எஞ்சிய அதிகாரங்கள் மைய அரசிடம் இடம் மாறின. கலவரமும் அகதிகள் வெள்ளமும் சூழ்ந்த அந்தக் கோடையில் அவர்கள் அஞ்சியதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற கே. சந்தானம் அப்போதே எச்சரித்தார்: என் மக்களுக்குக் கல்வி தர முடியவில்லை, சுகாதாரம் தர முடியவில்லை, சாலைக்குக் காசு கொடுங்கள் என்று மைய அரசிடம் போய் நிற்கும்படியான அரசியலமைப்பு எனக்கு வேண்டாம் என்றார். அவர் முதலில் சொன்னது கல்வியை. அதை நினைவில் வைத்திருங்கள், கீழே வருகிறேன்.

கேள்வி: அமெரிக்க செனட்டில் எல்லா மாநிலங்களுக்கும் சமமாக இரண்டு இடங்கள். நம் மாநிலங்களவையில் மட்டும் ஏன் இல்லை?
– வாசகர், காரைக்குடி

பதில்: 1787-இல் பிலடெல்பியாவில் சிறிய மாநிலங்கள் சமபங்கு கேட்டுப் பிடிவாதமாக நின்றன. நம் மாநிலங்கள் பேரம் பேசும் தரப்பாக மேசைக்கு வரவில்லை. மக்கள்தொகையை ஒட்டியே இடங்கள் பிரிக்கப்பட்டன: உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1.

கேள்வி: ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் அதிகாரங்களைப் பிரித்துத் தரும் ஏழாம் அட்டவணையின் மூன்று பட்டியல்களையும் மனப்பாடம் செய்ய எளிய வழி உண்டா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: மனப்பாடம் வேண்டாம். ஒரு முறை சினிமாவுக்குப் போய் வாருங்கள். திரையில் முதலில் தெரியும் தணிக்கைச் சான்றிதழ் ஒன்றியப் பட்டியலின் 60-ஆம் இனம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் திரையரங்கம் மாநிலப் பட்டியலின் 33. டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1 முதல் வந்தது. அதன் விகிதத்தைப் பரிந்துரைக்கும் மன்றத்தில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றிய அரசு இசையாமல் எதுவும் நிறைவேறாது.

தொடக்கத்தில் ஒன்றியத்துக்கு 97, மாநிலங்களுக்கு 66, பொதுப் பட்டியலில் 47 என்று இனங்கள் இருந்தன. பொதுப் பட்டியலில் இருவருமே சட்டம் இயற்றலாம். மோதினால் பெரும்பாலும் நாடாளுமன்றத்தின் சட்டமே நிற்கும்.

அரசுக் கல்லூரியில் 31 ஆண்டுகள் அரசியல் அறிவியல் நடத்தினேன். ஆண்டுதோறும் இந்தப் பாடத்தன்று மாநிலப் பட்டியலை ஒருவரை எழுந்து உரக்கப் படிக்கச் சொல்வேன். 8 மது, 9 மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி, 10 சுடுகாடு, இடுகாடு. அதோடு குரல் நின்றுவிடும். 11 என்ற எண்ணுக்கு நேரே வெறும் நட்சத்திரக் குறிகள்.

அந்த இடத்தில்தான் கல்வி இருந்தது. நெருக்கடி நிலையின்போது வந்த 42-ஆவது திருத்தம் கல்வி, காடுகள் உள்ளிட்ட ஐந்து இனங்களைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. இந்தப் பட்டியல்களில் கை வைக்க வேண்டுமானால் குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களாவது ஒப்ப வேண்டும் என்று 368-ஆம் பிரிவு ஒரு காவல் வைத்திருக்கிறது. சட்டமன்றங்கள் ஒப்பின. 1976 டிசம்பர் 18-இல் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார்.

“நம் சட்டமன்றம் எப்படி வாக்களித்தது, ஐயா?” என்று ஒரு முறை கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். வாக்களிக்கவில்லை, அம்மா. 1976 ஜனவரி 31-இலேயே நம் ஆட்சி கலைக்கப்பட்டு, குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. ஒப்பவோ மறுக்கவோ அந்த ஆண்டு நமக்குச் சட்டமன்றமே இல்லை.