டெபியன் 13இல் கெர்னலை மட்டும் புதுப்பிக்கலாமா?

பம்பலப்பிட்டியில் வாங்கிய புது லேப்டொப்பில் டெபியன் 13 (ட்ரிக்சி எனும் லினக்ஸ் இயங்குதளம்) வைஃபையைக் கண்டுகொள்ளவில்லை, புதிய கெர்னலுக்காக (வன்பொருளை இயக்கும் மையநிரல்) அடுத்த பதிப்புக்காகச் சோதிக்கப்படும் மென்பொருள்கள் உள்ள டெஸ்டிங் களஞ்சியத்தைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு மென்பொருள் பொதிக்காக அடிப்படை நூலகங்கள் வரை மாறிவிடலாம். பிறகு பழைய நிலைக்குத் திரும்புவது பெரும்பாடு.

உங்களுக்கு ஏற்றது பேக்போர்ட்ஸ் என்னும் தனிக் களஞ்சியம். டெஸ்டிங்கில் உள்ள புதிய பதிப்பை நீங்கள் பயன்படுத்தும் நிலையான பதிப்பான ஸ்டேபிளுக்கென்றே மறுபடி தொகுத்துத் தருகிறார்கள். களஞ்சியத்தைச் சேர்த்ததும் எல்லாம் மாறிவிடாது: அதன் முன்னுரிமை 100, வழக்கமான களஞ்சியத்துக்கோ 500; எண் கூடியதே முந்தும். பொதிகளை நிறுவும் ஆப்ட் கட்டளையில் ட்ரிக்சி-பேக்போர்ட்ஸ் என்று குறிப்பிட்டுக் கேட்டால்தான் வரும். அப்படி வந்த பொதிக்கு மட்டும் அடுத்த பதிப்புகளும் அங்கிருந்தே வரும்.

கெர்னலோடு வைஃபை ஃபர்ம்வேரையும் (வைஃபை சில்லுக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) அங்கிருந்தே எடுங்கள். பலர் விடுவது இதைத்தான். பழைய 6.12 கெர்னலை அழிக்காதீர்கள். புதியது முரண்டு பிடித்தால் கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் அதைத் தெரிவுசெய்யலாம். வைஃபை வேலை செய்யும்வரை இணையத்துக்கு ஃபோனை யூஎஸ்பியில் இணைத்து டேட்டாவைப் பகிருங்கள்.