இலங்கை மலையகத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் பெப்ரவரி 4 அன்று பூசையும் கொடியேற்றமும் சேர்ந்தே நடப்பது ஏன்?

அன்று சுதந்திர தினம் மட்டுமல்ல, நாட்டின் பாதுகாவலியான இலங்கை மாதாவின் திருவிழாவும்கூட. அதனால் நாட்டுக்கான மன்றாட்டு பூசையிலேயே வந்துவிடும்.

எங்கள் பங்கில் கொடிக்கம்பம் மாதா கெபிக்கு (சிறு குகைக்கோயிலுக்கு) பக்கத்திலேயே இருக்கிறது. பூசை முடிந்ததும் கொடி ஏறும். பிள்ளைகள் தேசிய கீதத்தைத் தமிழில் பாடுவார்கள், சிங்களக் குடும்பங்களும் கூடவே நிற்கும். பிறகு அன்பியத்து (பங்கின் சிறு செபக்குழு) பெண்கள் தரும் அவித்த கடலையும் பிளேன்டீயும்.

ஆனால் தோட்டத்து மக்களுக்கு இது லேசான நாள் இல்லை. சுதந்திரம் கிடைத்த அதே 1948இல்தான் குடியுரிமைச் சட்டம் வந்து, இந்திய வம்சாவளியினரான எங்கள் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. இலங்கையும் இந்தியாவும் அந்த மக்களைப் பங்குபோட்டுக்கொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பல குடும்பங்கள் பிரிந்து இந்தியாவுக்குக் கப்பலேறின. மிச்சப் பேருக்குக் குடியுரிமை 2003வரை இழுபட்டது. அந்தக் காலத்தில் என் தாத்தா 'நான் இங்கே பிறந்தவன்' என்று காட்ட வைத்திருந்தது ஞானஸ்நானச் சீட்டு ஒன்றுதான். கறையான் அரித்து பெயரில் பாதி இல்லை.

பங்குச் சாமி பிரசங்கத்தில், இலங்கையில் மறைபணி செய்த குருவான புனித யோசப் வாஸைத்தான் இழுப்பார். கோவாவில் பிறந்து, தமிழும் சிங்களமும் கற்று, 1711இல் கண்டியில் இறந்தவர். அவரை யாரும் வந்தேறி என்று சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை!