இசையமைப்பவர் கதையை மறுத்தால்

உங்கள் மாயமோதிரக் கதைக்கு இசையமைக்க நண்பர் மறுக்கிறார், கூட்டணியை முறித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். 1884-இல் லண்டனில் நாடகாசிரியர் கில்பர்ட்டுக்கும் இதே நிலைதான். விழுங்கியவரை வேறு ஆளாக்கும் மாய மாத்திரைக் கதையை அவர் திரும்பத் திரும்ப நீட்டினார். அவருடைய கூட்டாளியான இசையமைப்பாளர் சல்லிவன் மசியவே இல்லை. மனித உணர்ச்சியுள்ள, நம்பும்படியான கதை வேண்டும் என்றார். கடைசியில் கில்பர்ட் மாயத்தைக் கைவிட்டு 'மிக்காடோ' என்ற நகைச்சுவை இசைநாடகத்தை எழுதினார். 1885-இல் சவாய் அரங்கில் தொடங்கி 672 முறை நடந்தது!

அப்புறம், வரிகளைக் கொடுத்தவுடன் மெட்டு கேட்டு நெருக்காதீர்கள். சல்லிவன் முதலில் தாளக்கட்டைத்தான் பலவிதமாக எழுதிப் பார்ப்பார், மெட்டெல்லாம் பிறகுதான். 1890-இல் அரங்குக் கம்பளச் செலவு யார் தலையில் என்ற சண்டை நீதிமன்றம் வரை போய் கில்பர்ட்டையும் சல்லிவனையும் பிரித்தது. பணக் கணக்கை இப்போதே பேசி எழுதி வைத்துவிடுங்கள்.